தர்பூசணிக்கு மாட்டிய ஹெல்மெட்

சென்ற ஆண்டு ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். பெங்களூரு மல்லேஸ்வரத்தில், நான் தங்கியிருக்கும் விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சிக்னலில், போக்குவரத்துப் பெண் காவலர் ஒருவர் கையை நீட்டி என்னையும் என் தோழியையும் ஓரங்கட்டச் சொன்னார். தலையில் ஹெல்மெட்டை மாட்டி, பட்டையையும் இறுக்கிப் போட்டுக்கொண்டு வந்த எனக்கு, ஹெல்மெட் அணியாமல் வண்டி ஓட்டியதாக அபராதம் விதித்தார். நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த அபராதத்தில் ஆரம்பித்ததுதான்.

நான் கிருஷ்ணகிரிக்காரி. நான்கு வருடமாக இங்கே மென்பொருள் டெஸ்டிங் வேலை. அடுத்தவர்கள் எழுதித் தருவதை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமையானால் வேறு வேலை. இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: விடியும் முன்பே கூட்டமாகக் கிளம்பி, எழுபது எண்பது கிலோமீட்டர் ஓட்டிப்போய் இட்லி தின்றுவிட்டுத் திரும்புவது. அதே இட்லி வீட்டுக்குக் கீழேயே கிடைக்குமே என்று கேட்பவர்களுக்கு இது புரியாது. போகிற வழியைப் படம் பிடிக்காவிட்டால் போனதாகவே அர்த்தமில்லை என்பது எங்கள் குழுவின் கொள்கை. அதனால் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் ஆளுக்கொரு குட்டிக் கேமரா.

அதைப் பிசின் பட்டையால்தான் ஒட்டுவார்கள். ஜூன் மழையில் ஓசூர் சாலையில் என் பட்டை கழன்று கேமரா கீழே விழ, பின்னால் வந்த பஸ் அதைச் சப்பாத்தி மாதிரி ஆக்கிவிட்டுப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் விடுதிக்காரரிடம் டிரில்லிங் மெஷினை வாங்கி ஹெல்மெட்டின் தாடையில் இரண்டு ஓட்டை போட்டேன். வெளியே புதுக் கேமராவின் தாங்கி, உள்ளே மெத்தைக்குப் பின்னால் இரண்டு நட். இறுக்கி முடித்த பிறகு கேமராவைப் பிடித்து ஹெல்மெட்டையே தூக்கலாம், அவ்வளவு உறுதி. படமும் துளி ஆடவில்லை. பெருமை தாங்காமல், என் தோழியின் பிறந்தநாளுக்கு அவள் ஹெல்மெட்டிலும் அதே மாதிரி ஓட்டை போட்டு, போல்ட் மாட்டி, ரிப்பன் கட்டிப் பரிசாகக் கொடுத்தேன். குழுவில் இன்னும் நான்கு பேர் வரிசையில் வந்து போட்டுக்கொண்டார்கள். எனக்கு டிரில் மேடம் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

தோழியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெங்களூருவிலேயே, ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். அதே அலுவலகம், பக்கத்து இருக்கை. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். செப்டம்பரில், மழை குறைந்ததும், மங்களூரிலிருந்து கடலோரமாகவே துவாரகை வரை தனியாக வண்டியில் போவதென்று இரண்டு வருடமாகத் திட்டம் போட்டு, விடுமுறையும் வாங்கியிருந்தாள். மாநகராட்சியில் வேலை செய்யும் அவள் அம்மா அதற்குச் சம்மதித்தது ஒரே ஒரு நிபந்தனையோடு. அன்றன்று ஓட்டிய சாலையை அன்று சாயங்காலமே ஃபோனில் அவருக்குக் காட்டிவிட வேண்டும். "உன் கண்ணுக்கு என்ன தெரியுதோ அது எனக்கும் தெரியணும்" என்பது அவருடைய வார்த்தை. ஒரு நாள் படம் வராவிட்டாலும் மறுநாள் அவள் வண்டியைத் திருப்பிவிட வேண்டும்.

இப்போது சிக்னலுக்கு வருகிறேன். காவலர் எங்கள் வயதுதான் இருப்பார். "தெகீரி" என்று கன்னடத்தில் கழற்றச் சொல்லி என் ஹெல்மெட்டை வாங்கினார். கேமராவை அவர் பார்க்கவே இல்லை. ஹெல்மெட்டைத் திருப்பி, உள்மெத்தையை இழுத்து, நட் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். கேமராவுக்குத்தான் கேஸ் போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, எந்தச் சட்டப் பிரிவு என்று நான் வாதாடத் தயாரானேன். குழுவில் இதைப் பற்றி எத்தனை விவாதம். ஒரு மாநிலத்தில் பிடிக்கிறார்கள், இன்னொன்றில் விட்டுவிடுகிறார்கள், சட்டத்தில் தெளிவாக எதுவும் இல்லை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வோம். இன்றுவரை எனக்கும் அதில் முழுத் தெளிவு இல்லை. ஆனால் இவர் கேமரா பக்கமே போகவில்லை. நாங்கள் தமிழில் முணுமுணுப்பதைக் கேட்டுத் தமிழிலேயே சொன்னார்.

"கேமராக்கு நான் கேஸ் போடல மேடம். ஐ.எஸ்.ஐ. முத்திரை ஓட்டை இல்லாத ஹெல்மெட்டுக்குக் குடுத்தது. நீங்க ஓட்டை போட்டுட்டீங்க. இது இப்ப வெறும் டப்பா. டப்பா போட்டுட்டு வந்தா என் கணக்குல ஹெல்மெட் போடல."

தலையில் இருந்ததே என்றேன். தலையில் டப்பா இருந்தது என்றார். தோழிக்கும் அதே அபராதம். அத்தோடு விட்டாரா, ஹெல்மெட் இல்லாமல் ஓட்டக்கூடாது, தள்ளிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, மார்க்கெட் கூட்டத்துக்கு நடுவில், கையுறை, முழங்கால் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு இரண்டு பெண்கள் இரண்டு கனமான வண்டிகளை இரண்டு தெரு தள்ளிக்கொண்டு போன காட்சியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். தோழி வழியெல்லாம் சிரித்தாள். எனக்குக் காது வரை எரிந்தது. நான் போட்ட போல்ட் எவ்வளவு உறுதி என்பதைச் சோதனை செய்து, வீடியோ எடுத்து, அந்தக் காவலரிடமே கொண்டுபோய்க் காட்டுவதென்று அன்றே முடிவு செய்தேன். ஆமாம், நான் சரி என்று நிரூபிக்கத்தான் சோதனையில் இறங்கினேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த சனிக்கிழமை. சோதனைக்குத் தலை வேண்டுமே. மார்க்கெட்டில் ஒரு தர்பூசணிக் கடையில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பழமாக எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தேன். கடைக்கார அம்மா கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு, "ஏம்மா, பழத்துக்கு லைசன்ஸ் எடுத்தாச்சா?" என்றார். பக்கத்துக் கடை வரை சிரித்தார்கள். ஐந்தாவது பழம் சரியாகப் பொருந்தியது. அதே அளவில் இன்னொன்றும் வாங்கிக்கொண்டேன்.

விடுதியின் மொட்டை மாடியில், துணி காயப்போடும் கயிற்றில் ஹெல்மெட்டை முகம் கீழே பார்க்கும்படி தொங்கவிட்டேன். உள்ளே பழம், அது நழுவாமல் இருக்கச் சுற்றிலும் துண்டு. உயரம் ஐந்தடிதான். வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தலை இருக்கும் உயரம். நின்ற இடத்திலேயே வண்டி சாய்ந்தால்கூட அவ்வளவு தூரம் தலை கீழே வரும். வேகம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இது முதல் சோதனை, சுலபமாகத் தேறிவிடும் என்று நினைத்துக் கயிற்றை விட்டேன்.

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாங்கியும் அசையவில்லை. நான் நினைத்தது போலவே போல்ட் மிக உறுதியாக இருந்தது. அந்த உறுதிதான் பிரச்சினை. விழுந்த அடி முழுவதையும் கேமரா வாங்கி, போல்ட் வழியாக நேராக உள்ளே தள்ளியிருந்தது. இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவே ஹெல்மெட் ஓட்டில் முடி அளவுக்கு ஒரு விரிசல். மெத்தையைக் கிழித்துக்கொண்டு இரண்டு நட்டும் பழத்துக்குள் போயிருந்தன. பழத்தை வெளியே எடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள். ஆள்காட்டி விரலை விட்டேன், இரண்டாவது கணு வரை போனது.

அதே மாடலில் ஓட்டை போடாத பழைய ஹெல்மெட் ஒன்றைக் குழுவில் ஒருவரிடம் இரவல் வாங்கி வைத்திருந்தேன். அதில் இரண்டாவது பழத்தை வைத்து, அதே உயரத்திலிருந்து விட்டேன். பழம் லேசாகக் கீறல் விட்டது, அவ்வளவுதான். துளை இல்லை. அன்று விடுதி முழுக்கத் தர்பூசணி தின்றது. எனக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை. அதே இரண்டு நட், என் தோழியின் தாடைக்கு முன்னால், ரிப்பன் கட்டி நானே கொண்டுபோய் வைத்தவை. அவள் கிளம்ப இன்னும் பதின்மூன்று நாள்.

உடனே அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"கல்லங்கடிக்கு எலும்பு இருக்கா? என் தாடைல எலும்பு இருக்கு. சும்னே பயப்படுத்தாத" என்றாள். கல்லங்கடி என்றால் கன்னடத்தில் தர்பூசணி.

எலும்பாக இருந்தால் இன்னும் மோசம், அது உடையும் என்றேன். கேமராவை வண்டியில் மாட்டிக்கொள்ளேன் என்றும் சொன்னேன். ஏற்கெனவே மாட்டிப் பார்த்ததாகவும், ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் படம் பூகம்பம் மாதிரி ஆடியதாகவும், அம்மா இரண்டு நிமிடத்தில் தலைசுற்றுகிறது என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டதாகவும் சொன்னாள். நெஞ்சில் கட்டினால் பெட்ரோல் டாங்க் மட்டும்தான் தெரிகிறதாம். கேமரா இல்லாவிட்டால் அம்மாவின் சம்மதம் இல்லை, சம்மதம் இல்லாவிட்டால் துவாரகை இல்லை. பிறகு, கோபமே இல்லாத குரலில் ஒன்று கேட்டாள்.

"ஓட்டை போட்டது நீதானேடி?"

நாளைக்கு உன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வா, உன் கையாலேயே விட்டுப் பார் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வழியில் அவளே ஒரு பழம் வாங்கி வந்திருந்தாள். மாடியில் உட்கார்ந்து மார்க்கர் பேனாவால் அதில் ஒரு முகம் வரைந்தாள். அவளுடைய வட்டக் கண்ணாடி, மூக்குத்தி, இடது புருவத்தில் உள்ள தழும்பு எல்லாம் அப்படியே. வாயைச் சிரிக்கிற மாதிரி வரைந்தாள். நான் பழத்தை ஹெல்மெட்டுக்குள் வைத்துத் தொங்கவிட்டேன். கயிற்றை விட்டது அவள்தான்.

இரண்டு துளைகளும் சிரிக்கும் வாய்க்குக் கீழே, தாடையில் இருந்தன. ஒன்றிலிருந்து சிவப்புச் சாறு வழிந்து தரையில் சொட்டியது. அவள் ஏதாவது கிண்டல் செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு என் கருவிப் பெட்டியைத் திறந்து, ஸ்பேனரை எடுத்து, உடைந்த ஹெல்மெட்டிலிருந்து போல்ட் இரண்டையும் கழற்றினாள். "ஆயித்து, சரி. வண்டில எங்க மாட்றதுன்னு பாக்கலாம். பன்னெண்டு நாள் இருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலமே குழுவில் மற்ற நால்வருக்கும் வீடியோவை அனுப்பி, நான் செய்தது தவறு என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்று முறை அழித்து அழித்து எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் உடனே புது ஹெல்மெட் வாங்கிவிட்டார்கள். நான்காமவர், டிரில் மேடம் இனி பழக்கடை வைக்கலாம் என்று பதில் போட்டார். இரண்டு நாள் கழித்து அவரும் வாங்கினார்.

முதலில் முடிவு செய்திருந்தபடியே அந்தச் சிக்னலுக்கும் போனேன். உடைந்த ஹெல்மெட்டைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், நீங்கள் சொன்னதைப் பொய் என்று நிரூபிக்கப் பார்த்தேன், முடியவில்லை என்றேன். அவர் விரிசலைப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருந்தார்களா என்றுதான் முதலில் கேட்டார். பழம் என்றதும் அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு. அந்த வீடியோவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த வாரம் ஒருநாள் அந்த வழியாகப் போனபோது, ஓட்டை போட்ட ஹெல்மெட்டோடு நின்ற ஓர் இளைஞனுக்கு அவர் ஃபோனில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். என் மொட்டை மாடி. எனக்குக் கிடைத்த எந்த அலுவலகப் பாராட்டும் அதற்கு ஈடாகாது.

மீதி நாட்கள் முழுக்க எங்களுக்கு வண்டிதான். அலுவலகம் முடிந்ததும் நேராக ஸ்ரீராம்புரம். அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கேமராவை ஓரிடத்தில் மாட்டி, சந்துகளில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அம்மாவிடம் படத்தைக் காட்டுவோம். எங்கள் அலுவலகத்தில் கடைசியில் வாடிக்கையாளர் பார்த்துச் சரி சொல்லவேண்டும். இங்கே அந்த இடத்தில் அம்மா. அவர் அளவுக்குக் கறாரான வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. வண்டியின் பக்கக் கண்ணாடித் தண்டில் மாட்டினோம், தலைசுற்றுகிறது என்றார். முன் சக்கரத்துக்கு அருகே இருக்கும் கிராஷ் கார்டு கம்பியில் மாட்டினோம், நாய் ஓடிக்கொண்டே பார்ப்பது மாதிரி இருக்கிறது, சாலை தெரியவில்லை, டயர்தான் தெரிகிறது என்றார். ஹாண்டில்பாருக்கு நடுவில் சைக்கிள் ட்யூபைச் சுற்றி மாட்டினோம், இது பரவாயில்லை, ஆனால் குளிர்ஜுரம் வந்தவன் எடுத்த படம் மாதிரி இருக்கிறது என்றார்.

ஆறாவது முறையும் தோற்று, நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அம்மா சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். மிக்ஸி போட்ட சத்தத்தில் பேசக்கூட முடியவில்லை. ஆனால் மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் ஆடவில்லை. தோழியும் நானும் ஒரே நேரத்தில் எழுந்தோம். மிக்ஸியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நான்கு ரப்பர் கால்கள். சட்னி முடியும் வரைகூட எங்களுக்குப் பொறுமை இல்லை. அதே சந்தில் மிக்ஸி பழுது பார்க்கும் கடையில் எட்டு ரப்பர் கால் வாங்கி, ஒரு தகட்டுக்கும் ஹாண்டில்பார் கிளாம்புக்கும் நடுவே நான்கை வைத்து, அதன் மேல் கேமராவை மாட்டி ஓட்டினோம். அன்று அம்மா படம் முழுவதையும் பார்த்தார். இரண்டாவது முறை போடச் சொன்னார்.

"இது நல்லாருக்கு. பஸ்ல முன் சீட்டுல உக்காந்து போற மாதிரி இருக்கு. போய்ட்டு வா."

ஓட்டை, ஸ்டிக்கர், கேமரா எதுவும் இல்லாத புது ஹெல்மெட் ஒன்றை அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்தேன். இந்த முறை ரிப்பன் கட்டவில்லை. அவள் கிளம்பிப் போனாள்.

ஐந்தாவது நாள் மதியம், அலுவலகக் கூட்டத்துக்கு நடுவில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் அந்த நேரத்தில் கூப்பிடமாட்டாள். எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். கொங்கண் பக்கம், பாலம் கட்டுவதால் சாலையைத் திருப்பிவிட்டிருந்தார்களாம். செம்மண் சேறு. மெதுவாகத்தான் போயிருக்கிறாள். முன் சக்கரம் வழுக்கி, ஹாண்டிலுக்கு மேலாகக் குப்புற விழுந்து, முகம் சாலையோரக் கல்லில் இடித்திருக்கிறது. ஒரு மணிக்கட்டு மட்டும் சுளுக்கு. வேறு ஒன்றும் இல்லை, பல்கூட எல்லாம் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன் என்றாள். ஃபோனை வைத்ததும் ஹெல்மெட்டின் படத்தை அனுப்பினாள். தாடையின் நடுவில், விரல் நீளத்துக்கு வண்ணம் போய் வெள்ளையாக ஒரு தேய்ப்பு. பழைய ஹெல்மெட்டில் நான் இரண்டு ஓட்டை போட்ட அதே இடம். நான் படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டைத் திரும்பப் போடக்கூடாது என்று பக்கத்து ஊரில் அன்றே வேறு வாங்கிவிட்டாள். எங்களுக்கு இருந்த அடுத்த கவலை அம்மா. அன்றைய படத்தில் விழுந்தது முழுவதும் பதிவாகியிருந்தது. சாலை, சேறு, சட்டென்று சாயும் வானம், பிறகு சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சக்கரம், அதற்கப்பால் எழுந்து நிற்கும் அவள். அந்த இடத்தை வெட்டிவிட்டு அனுப்பலாமா என்று என்னைக் கேட்டாள். கடைசியில் வெட்டாமலேயே அனுப்பினாள். உன் கண்ணுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியவேண்டும் என்றுதானே அம்மா கேட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் நான் ஸ்ரீராம்புரத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்த இடத்தை மூன்று முறை பார்த்தார். மூன்று முறையும் மகள் எழுந்து நிற்கும் வரை பார்த்தார். பிறகு அவளை அழைத்தார். தாடை வலிக்கிறதா என்று கேட்டார். கை வீக்கத்துக்கு என்ன போட்டாய் என்று கேட்டார். திரும்பி வா என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு ஒரு நாள் இருந்து கைய பாத்துக்க. நாளன்னிக்கு மேல போ" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் துவாரகைக் கடல் அந்தச் சந்துக்கு வந்தது. அம்மாவின் ஃபோனைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர். படத்தில் சாலை முடிந்து மணல் வந்தது, மணல் முடிந்து தண்ணீர். கேமரா துளி ஆடவில்லை. அம்மா யாரையும் பேசவிடாமல் கடைசி அலை வரை பார்த்துவிட்டு, அதை எடுத்தது தன் மகள் என்று, எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எல்லோரிடமும் சொன்னார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை இட்லி தின்னப் போகிறோம், கேமரா வண்டியில்தான் இருக்கிறது, புதிதாகக் குழுவில் சேருபவர்களுக்கு முதலில் அந்த வீடியோவைக் காட்டுகிறேன். இந்த நான்கு வருடத்தில் நான் உருப்படியாகச் செய்தவை என்று சில உண்டு. ஆனால் நான் செய்த தவறை நானே உயரத்திலிருந்து போட்டு உடைத்து, அதை எல்லோருக்கும் காட்டிய அந்த இரண்டு நாட்களை நினைக்கும்போது வரும் கர்வம் வேறு எதிலும் எனக்கு இதுவரை வந்ததில்லை.